மூலையில் வைத்த மஞ்சள்

ஜூன் 9, திங்கள்

இந்த டைரி சும்மா வந்தது. சிறுதொழில் செய்கிறவர்கள் அரசாங்க டெண்டர் எடுப்பது எப்படி என்று கரூரில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு டீ, ஒரு பேனா, பாதி வருஷம் போனபிறகு ஒரு டைரி. பேசினவர் நன்றாகத்தான் பேசினார். டெண்டர் என்றால் பெரிய கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், சிறுதொழில் பதிவு இருந்தால் முன்வைப்புத் தொகைகூடக் கட்ட வேண்டாம் என்றார். அன்றன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதிவையுங்கள், ஒரு தாள் விட்டுப்போனாலும் வெளியே தள்ளிவிடுவார்கள் என்றும் சொன்னார். அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு மளிகைச் சீட்டு தவிர நான் வேறு எதையும் எழுதியதில்லை.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு வாங்கப்போகிறார்கள், வெள்ளை விரிப்பு, நாம் இத்தனை வருஷமாக நர்சிங் ஹோம்களுக்கு நெய்து கொடுக்கிற அதே துணிதான் என்றேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் நமக்கு ஆகுமா அம்மிணி" என்றார். எதைச் சொன்னாலும் இதே பதில். நாச்சிமுத்து என்று பெயர் வைத்ததற்கு 'நமக்கு ஆகுமா' என்றே வைத்திருக்கலாம்.

ஜூன் 12, வியாழன்

ஆறு தறியில் நான்கு நின்று மாதக்கணக்காகிறது. எங்களுக்கு நூல் கொடுத்து நெய்து வாங்கிக்கொண்டிருந்த ஏற்றுமதிக்காரர் சொந்தமாகவே புதுத் தறி இறக்கிவிட்டார். நர்சிங் ஹோம்காரர்கள் இப்போது ஒரு தடவை போட்டுத் தூக்கி எறிகிற விரிப்பு வாங்குகிறார்கள். மிச்சமிருக்கிற இரண்டு தறியை எங்களிடம் வேலை செய்கிற ருக்குமணியும் அவருமாக ஓட்டுகிறார்கள். தறி ஷெட்டுக்குள் நுழைந்தால் முன்பெல்லாம் காது அடைக்கும். இன்றைக்கு ருக்குமணி இருமியது எனக்கு வாசலில் கேட்டது.

அவருடைய சித்தப்பா மகன் பெருந்துறையில் ஒரு மில்லில் இருக்கிறார். ஸ்டோரில் ஆள் வேண்டும், வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார். ஐம்பத்தாறு வயதில் இன்னொருத்தர் மில்லில் சாவி வாங்கி மாட்டிக்கொண்டு நிற்பதா? நான் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இந்த ஒரு டெண்டரைப் போட்டுப் பார்ப்பது. கிடைத்தால் ஆறு தறியும் ஓடும். கிடைக்காவிட்டால் தறியைக் கொடுத்துவிட்டு அவர் பெருந்துறைக்குப் போவது. அவர் சரி என்று சொன்ன வேகத்தைப் பார்த்தால் பெட்டி கட்டி வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஜூன் 19, வியாழன்

ஷர்மிளாவின் ப்ரவுசிங் சென்டரில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். சிறுதொழில் பதிவு முடிந்தது. கம்பெனி என் பெயரில் இருப்பதால் டிஜிட்டல் கையெழுத்து எனக்குத்தான். பென்டிரைவ் மாதிரி ஒன்று அனுப்புவார்களாம், அதைச் செருகினால் நான் கையெழுத்துப் போட்டதாக அர்த்தம். ஷர்மிளா பொறுமையான பெண். தப்பாக ஏதாவது தட்டினால் மட்டும் "அக்கா, கையை எடுங்க" என்பாள்.

முருங்கைக்கீரை வாங்கினேன். பாதி பழுப்பு.

ஜூன் 27, வெள்ளி

இதே மாதிரி சரக்கு முன்பு எங்கே கொடுத்தீர்கள் என்பதற்கு அனுபவச் சான்று வேண்டும். மூன்று டாக்டர்களிடம் போனேன். இரண்டு பேர் நாளைக்கு வாருங்கள் என்றார்கள், மறுநாளும் அதையே சொன்னார்கள். மூன்றாவது, குழந்தை டாக்டர் அம்மா, நான் நிற்கும்போதே லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தார். உங்கள் விரிப்பு கிழிவதே இல்லை, அதுதான் நீங்கள் செய்கிற தப்பு, கிழிந்தால்தானே மறுபடி வாங்குவோம் என்றார். சிரித்தேன். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

டெண்டர் போடுவதற்கு முன்னால் சந்தேகம் கேட்க ஒரு கூட்டம் வைப்பார்கள். திருச்சியில் டெண்டர் அலுவலகத்தில் இன்று நடந்தது. அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். அறை முழுக்கச் சட்டைப்பையில் இரண்டு போன் வைத்திருக்கிற ஆட்கள். பெண்பிள்ளை நான் ஒருத்தி. பக்கத்தில் இருந்தவர் எத்தனை தறி என்று கேட்டார். ஆறு என்றேன். பாவம் பார்க்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

நான் எழுந்து, மொத்தச் சரக்கையும் ஒரே ஆளுக்குத்தான் கொடுப்பீர்களா, சின்னவர்களுக்குப் பங்கு உண்டா என்று கேட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் அம்மா, நல்ல கேள்வி, விலை ஒத்துவந்தால் ஒரு பகுதி சிறுதொழிலுக்கு உண்டு என்று புரியும்படி சொன்னார். மூன்று மாதிரி விரிப்பு நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், அதைச் சோதனைக்கு அனுப்புவோம், அதில் தேறினவர்களுடைய விலையைத்தான் திறப்போம் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சொன்னார், "நீ பேசுனது நல்லா இருந்துச்சு." கல்யாணம் ஆகி இந்த முப்பது வருஷத்தில் என்னைப் பாராட்டிய நாட்களைக் கணக்கெடுத்தால் இந்த டைரியில் ஒரு பக்கம் நிறையாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

மாதிரிக்காகத் தனியாகப் பாவு நூல் ஏற்றி, அவரே தறியில் நின்று நெய்தார். ஒரு இழை அறுந்தாலும் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டார். ருக்குமணி கிண்டல் செய்தாள், "ஏனுங் அண்ணா, பொண்ணுக்குக் கல்யாணச் சீலை நெய்யறீங்களா?" எங்களுக்குப் பெண்ணும் இல்லை, பையனும் இல்லை. அவளுக்கு அது நாக்கில் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவர் சிரித்துச் சமாளித்துவிட்டார்.

விலை போட்டோம். அவர் நான்கு தடவை போட்டுப் பார்த்தார். இதற்குக் கீழே போனால் நஷ்டம், மேலே போனால் கிடைக்காது என்று ஒரு இடத்தில் நிறுத்தினார்.

ஜூலை 19, சனி

தாள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கடைசிப் பொத்தானை நானே அமுக்கினேன். ஷர்மிளா கடலைமிட்டாய் கொடுத்தாள். இனி மாதிரி கொடுப்பதுதான் பாக்கி. ஜூலை 22, பகல் மூன்று மணிக்குள்.

ஆடி பிறந்துவிட்டது. யாராவது ஆடி மாதத்தில் புதிதாக ஒன்று தொடங்குவார்களா? அரசாங்கத்துக்கு ஆடியும் கிடையாது, அமாவாசையும் கிடையாது. மனசு ஒரு மாதிரியாகவே இருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

வெளுத்து, இழுத்துக் காயவைத்த துணி பிளீச்சிங் பட்டறையிலிருந்து சாயங்காலம்தான் வந்தது. மூன்று விரிப்புக்கு என்ன வேண்டுமோ அந்த அளவு மட்டும்தான் வெளுக்கக் கொடுத்திருந்தோம். வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து முடித்தேன். அவர் டேப் வைத்து நீளம் அகலம் பார்த்தார், அச்சாக இருந்தது. அப்படி ஒரு வெள்ளை. தொட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

விளக்கு ஏற்றி, மூன்றையும் சாமி முன்னால் வைத்து, மூலையில் மஞ்சள் வைத்தேன். புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் ஒரு கைக்குட்டைகூட வெளியே போனதில்லை. அதிலும் ஆடியில் போகிறது, சும்மா அனுப்ப முடியுமா?

அவர் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஆஸ்பத்திரி விரிப்பு, அம்மிணி. கறைன்னு சொல்லித் தள்ளிருவாங்க."

சின்னப் பொட்டு, மடித்தால் உள்ளே போய்விடும் என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். இந்த வீட்டில் சாமி ஒன்றுதான் மிச்சம், அதையும் விட்டுவிடச் சொல்கிறீர்களா என்று கத்திவிட்டேன். அவர் விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

நான் எழுந்து வரும்போது மூன்று விரிப்பும் கொடியில் பறந்துகொண்டிருந்தன. அவர் விடிவதற்கு முன்பே எழுந்து துவைத்திருக்கிறார். மூலையை மட்டும் கழுவப் பார்த்தாராம். சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவப்பாகத் திரும்பி, தண்ணீர்த் திட்டு நின்றுவிட்டதாம். அதனால் முழுக்க நனைத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆடிக் காற்றுக்குச் சீக்கிரம் காய்ந்துவிட்டது. வெயில் பட்டு மஞ்சள் இருந்த இடமே தெரியவில்லை. ருக்குமணி ஒரு பக்கம் பிடித்து இழுக்க, அவர் இன்னொரு பக்கம் இழுத்துப் பிடித்து இஸ்திரி போட்டார். பிறகு டேப் வைத்துப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார். ஆனால் இரண்டு தடவை வைத்துப் பார்த்தார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். கொடுத்து ரசீது வாங்கினோம். திரும்பும்போது குளித்தலை தாண்டியதும் அவர் ரசீதை எடுத்துப் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் இழுத்துத்தான் தேச்சிருக்கேன்" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அமராவதியில் தண்ணீர் வந்திருக்கிறது. படித்துறையில் சாமி கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் வரவில்லை, நிற்கிற நான்கு தறிக்கும் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஓடாத தறிக்கு எதற்கு எண்ணெய் என்று கேட்டேன். ஓடுனா ஓடட்டும் என்றார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

தகவல் இல்லை. ஷர்மிளா தினமும் பார்த்துச் சொல்கிறாள். ரசத்தில் உப்புப் போட மறந்தேன், அவர் அப்படியே சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

நிராகரிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. காரணம் 'மாதிரி அளவில் குறைவு' என்று கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறது. இருக்கவே முடியாது என்று இன்று காலை முதல் பஸ்ஸில் திருச்சிக்குப் போனோம்.

அந்த அலுவலர் அம்மா எங்களை உட்காரச் சொன்னார். மாதிரியை எடுத்துவரச் செய்து மேஜைமேல் விரித்துக் காட்டினார். சோதனைக்கூடத்தில் துணியை இழுத்து அளக்க மாட்டார்களாம். ஒரு நாள் முழுக்கச் சும்மா பரப்பிப் போட்டுவிட்டு, அது தானாக எங்கே நிற்கிறதோ அங்கே அளப்பார்களாம். நீளத்தில் நாலு சென்டிமீட்டர் குறைகிறது. மூன்றிலும் அப்படித்தான். இழை, எடை, உறுதி எல்லாவற்றிலும் தேறியிருக்கிறது. அந்தத் தாளையும் காட்டினார்.

பிறகு துணியைக் கசக்கிப் பார்த்துவிட்டு, "துவைச்சிருக்கீங்களா? புதுத்துணியை ஏன் துவைச்சீங்க?" என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கவில்லை.

"அழுக்கா இருந்துச்சுங்க" என்றார்.

அழுக்காம். எங்கள் துணி அழுக்காம். அந்த அம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார். ஐயா, இத்தனை வருஷமாகத் தறி வைத்திருக்கிறீர்கள், பருத்தி நனைந்தால் சுருங்கும் என்று தெரியாதா என்று மெதுவாகத்தான் கேட்டார். தெரியுமுங்க, என் தப்புதானுங்க என்றார் இவர். வேறு மாதிரி தருகிறோம், நாளைக்கே தருகிறோம் என்று நான் கெஞ்சினேன். உங்களுக்கு மட்டும் வாங்கினால் மற்றவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது என்றார். அதுவும் நியாயம்தான். கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

மூன்று விரிப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அண்ணன் வந்திருந்தார். தங்கராசு அண்ணன் வந்தால் முதலில் குரல் வரும், பிறகுதான் ஆள் வருவார். என்ன ஆயிற்று, எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்ததே என்று கேட்டார். இவர் மாதிரியைத் துவைத்துவிட்டார், சுருங்கிப் போய்விட்டது என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அண்ணன் அவரை நிற்கவைத்துக் கேட்டார். "ஏனுங் மாப்பிள்ளை, சின்னக் கொழந்தைக்குத் தெரியுமே, உங்களுக்குத் தெரியாதா? எந்தங்கச்சி கஷ்டப்பட்டது பூரா ஒரு வாளித் தண்ணியில போச்சே." அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ருக்குமணி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் காபி போட உள்ளே போனேன். பால் பொங்கி வழிந்துவிட்டது.

அண்ணன் போன பிறகு அவருக்கும் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை சரியாக இருக்கிறது என்றார். நான் கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

விலையைத் திறந்துவிட்டார்கள். ஷர்மிளா கூப்பிட்டுக் காட்டினாள். தேறின கம்பெனிகளின் விலை மட்டும் வரிசையாக இருக்கிறது. எங்களுடையது திறக்கப்படவே இல்லை. ஆனால் நாங்கள் போட்ட விலை எனக்குத் தெரியுமே. சிறுதொழில் பங்கை வாங்கினவரைவிட எங்களுடையது குறைவு. அவர் நான்கு தடவை போட்டு நிறுத்தின அதே இடம், சரியான இடம்தான்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்கு எதற்கும் கை ஓடவில்லை. தலை வாரிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. படுத்தால் எழுந்திருக்க வேண்டாம் என்று இருக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

பழைய இரும்பு வியாபாரி வந்தார். தறியாகக் கொடுத்தால் யாராவது வாங்குவார்கள் என்று பார்த்தோம், இந்த மாடலை யாரும் கேட்கவில்லை. உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். சரி என்றோம். சம்மட்டிச் சத்தம் இன்று பகல் முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டம்மா, ரொம்ப நாளைக்கு அப்புறம் உங்கள் ஷெட்டில் சத்தம் கேட்கிறதே, ஆர்டர் வந்துவிட்டதா என்று சந்தோஷமாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைசித் தறியை உடைக்கும்போது அவர் எழுந்து போய், எண்ணெய் டப்பாவையும் துடைக்கிற துணியையும் அதன் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

செப்டம்பர் 6, சனி

ருக்குமணி சொல்லிக்கொள்ள வந்தாள். வேறு ஷெட்டில் வேலை கிடைத்துவிட்டதாம், தூரம்தான். ஒரு விரிப்பை அவளுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றாள். போகாமல் நின்றாள்.

"அன்னிக்கு வெடியக்காலைல நான் வந்தப்ப அண்ணா அந்த மஞ்சளத் தேச்சுத் தேச்சுக் கை பொத்துப்போச்சுங் அக்கா. அக்கா எந்திரிக்கறதுக்குள்ள காயணும், பாத்தா மனசு கஷ்டப்படும்னு சொல்லிக்கிட்டே தேச்சாருங்."

உனக்கு நேரமாகவில்லையா என்று கேட்டேன். போய்விட்டாள். எங்கள் வீட்டு விஷயம் பேச வந்துவிட்டாள்.

கை பொத்துப்போனது எனக்குத் தெரியாது. அவர் காட்டவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒன்றும் எழுதுவதற்கு இல்லை. ஷெட்டைக் கூட்டிவிட்டேன். தறி இருந்த இடமெல்லாம் தரையில் எண்ணெய்த் தடம். தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நாளைக்கு அவர் பெருந்துறையில் வேலைக்குச் சேர வேண்டும். மில் குவார்ட்டர்ஸில் ஒரு கட்டில் கொடுப்பார்களாம், மாதத்துக்கு ஒருமுறை வரலாமாம். பெட்டியில் ஒரு விரிப்பை மடித்து வைத்தேன். அங்கே கட்டில் எந்த நீளமோ தெரியாது.

ஸ்டோர் ஆட்களுக்கு நீலச்சட்டை. சித்தப்பா மகன் இரண்டு வாங்கி அனுப்பியிருந்தார். பிரித்துப் பார்த்து, பொத்தானெல்லாம் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்து, பெட்டிக்குள் வைக்கப் போனேன். அவர் சட்டையை என் கையிலிருந்து வாங்கினார். சாமி மாடத்துக்குப் போய் மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். காலரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்றார்.

நான் கையை நீட்டவில்லை. அன்றைக்கு நான் வைத்தது... என்று ஆரம்பித்தேன். அழுகைதான் வந்தது. திருச்சியிலிருந்து வந்த அன்றிலிருந்து வராத அழுகை.

அவர் காலரை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். உள்ளங்கையில் அன்று தோல் உரிந்த இடம் இன்னும் வெளுத்துத் தெரிந்தது.

"வையி அம்மிணி. இதை யாரும் அளக்க மாட்டாங்க."

வைத்தேன். கண்ணீரில் இடம் தெரியாமல் கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது. அவர் அதைத் துடைக்காமல் மடித்துப் பெட்டியில் வைத்தார். பிறகு இரண்டாவது சட்டையை எடுத்து நீட்டினார்.